ஷிஃப் பேஸ் சேர்மங்கள்: வெல் முறை (அகார் குழி) வளையத்தை நம்பலாமா, எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) எப்படிப் பார்ப்பது?

சேர்மம்8:
சாலிசிலால்டிஹைடையும் வெவ்வேறு அனிலின்களையும் சேர்த்து உருவாக்கிய 8 ஷிஃப் பேஸ்கள் (கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பான இமீன் உள்ளவை). டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் மி.லி.க்கு 10 மி.கி. கரைத்து, முல்லர்-ஹிண்டன் அகாரில் 6 மி.மீ. குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டோம். ஸ்டாஃப் ஆரியஸ் பாக்டீரியாவில் கிருமி வளராத வளையம் 10 முதல் 14 மி.மீ., வெறும் டி.எம்.எஸ்.ஓ.வுக்கே 9 மி.மீ. ஈ.கோலையில் ஒன்றுமில்லை. இதை வைத்து எது வீரியமானது என்று வரிசைப்படுத்தலாமா? இரண்டு சேர்மங்கள் பிராத்தில் (திரவ வளர்ப்பூடகம்) விட்டதும் கலங்குகின்றன, அவற்றை என்ன செய்வது?

நுண்தட்டு:
வரிசைப்படுத்தாதீர்கள். வளையத்தில் வீரியமும் அகாரில் பரவும் வேகமும் கலந்தே தெரியும். நீரில் கரையாத சேர்மம் குழி ஓரத்திலேயே நின்றுவிடும். கரைப்பானே 9 மி.மீ. காட்டும்போது 10 மி.மீ.க்கு மதிப்பே இல்லை.

96 குழித் தட்டுக்கு வாருங்கள். டி.எம்.எஸ்.ஓ.வில் மி.லி.க்கு 25.6 மி.கி. ஸ்டாக். அதில் 20 மைக்ரோலிட்டரை 980 மைக்ரோலிட்டர் பிராத்தில் (கேட்டயான் சரிசெய்த முல்லர்-ஹிண்டன்) விட்டால் மி.லி.க்கு 512 மைக்ரோகிராம். முதல் குழியில் இது 100 மைக்ரோலிட்டர். 2 முதல் 10 வரை வெறும் பிராத் 50. முதல் குழியிலிருந்து அடுத்தடுத்த குழிக்கு ஐம்பது ஐம்பதாகக் கலந்து நகர்த்தி, பத்தாம் குழியிலிருந்து எடுத்த 50ஐக் கொட்டிவிடுங்கள். 11 வளர்ச்சிக் கட்டுப்பாடு: 2% டி.எம்.எஸ்.ஓ. கலந்த பிராத் 50. 12இல் வெறும் பிராத் 100, கிருமி கிடையாது.

புதுக் காலனிகளை சலைனில் 0.5 மெக்ஃபார்லண்ட் (கிருமி அடர்த்தியைக் கலங்கலால் மதிப்பிடும் அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவந்து, பிராத்தில் 100 மடங்கு நீர்த்து, அரை மணிக்குள் 1 முதல் 11 வரை 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். இப்போது சேர்மம் மி.லி.க்கு 256 முதல் 0.5 மைக்ரோகிராம் வரை, டி.எம்.எஸ்.ஓ. அதிகபட்சம் 1%, கிருமி மி.லி.க்கு சுமார் 5 லட்சம். இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள்: பதினொன்றிலிருந்து உடனே 10 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மி.லி. சலைனில் கலந்து, அதில் 100ஐ அகாரில் பரப்பினால் ஏறக்குறைய 50 காலனி வர வேண்டும். கிருமி கூடிப்போனால் எம்.ஐ.சி.யும் ஏறும்.

35 டிகிரியில் 16–20 மணி நேரம். தட்டு சரியா என்று பார்க்க சிப்ரோஃப்ளாக்சசின் ஆண்டிபயாடிக் தனி வரிசையில், அதற்குரிய தாழ்ந்த செறிவுகளில்: ஏ.டி.சி.சி. (கிருமிச் சேகரிப்பு மையம்) 25922 ஈ.கோலைக்கு எம்.ஐ.சி. மி.லி.க்கு 0.004–0.016 மைக்ரோகிராம், 29213 ஸ்டாஃபுக்கு 0.12–0.5. இதற்குள் வராத தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கரிமவேதி:
கலங்கும் சேர்மத்தில் கண்ணை நம்ப முடியாது. வீழ்படிவும் வளர்ச்சி போலத்தான் தெரியும். அடைகாத்த பிறகு 0.015% ரெசாசூரின் சாயம் 30 மைக்ரோலிட்டர் விட்டு 2–4 மணி நேரம் பாருங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் உயிர் இருக்கிறது. ஆனால் ஒடுக்கும் தன்மையுள்ள சேர்மம் கிருமியில்லாமலே நிறத்தை மாற்றிவிடும், மஞ்சள் சேர்மம் நீலத்தைப் பச்சையாகக் காட்டும். அதனால் சேர்மமும் பிராத்தும் மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம். சந்தேகக் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரை அகாரில் சொட்டுவைத்தால் தீர்ந்தது. சேர்மம் 64க்கு மேல் வீழ்படிந்தால் 128, 256 என்று எழுதாதீர்கள்; ‘64க்கு மேல்’ என்பதோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: இமீன் பிணைப்பு நீரில் உடையும். அடைகாத்து முடியும்போது குழியில் இருப்பது உங்கள் சேர்மமா, பிரிந்துபோன ஆல்டிஹைடா? சாலிசிலால்டிஹைடுக்கே கிருமி தடுக்கும் குணம் உண்டு. ஆல்டிஹைடையும் அந்தந்த அனிலினையும் அதே தட்டில் ஓட்டுங்கள். பிராத்தில் கரைத்து 35 டிகிரியில் வைத்து, 0 மணியிலும் 18 மணியிலும் எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) பாருங்கள். பின்னால் செம்பு அணைவு செய்தால் செம்பு உப்பும் கட்டுப்பாடாக வேண்டும்.

சேர்மம்8:
நன்றி. ஈ.கோலையில் எம்.ஐ.சி.யும் வராவிட்டால்?

நுண்தட்டு:
உடனே ஒதுக்க வேண்டாம். வெளிச்சவ்வு தடுத்திருக்கலாம், அல்லது உள்ளே போனதை வெளியேற்றும் பம்பு துப்பியிருக்கலாம். பம்புக்குத் தேவையான டால்சி (tolC) மரபணு நீக்கிய ஈ.கோலை வகையிலும், சாதா வகையில் வெளிச்சவ்வைத் தளர்த்தும் பாலிமிக்சின் பி நோனாபெப்டைடு சேர்த்தும் ஓட்டுங்கள். முதலாவதில் மட்டும் எம்.ஐ.சி. இறங்கினால் பம்பு, இரண்டாவதில் மட்டும் என்றால் சவ்வு. இரண்டிலும் இறங்காவிட்டால் அந்த வரிசையை ஸ்டாஃபுக்கு மட்டும் தொடருங்கள்.