ரீ: கலர் பென்சில் படத்துல படியற வெள்ளைக்கு (இங்கிலீஷ்ல wax bloom) தமிழ்ல என்ன பேர்?

> 'மெழுகு மலர்ச்சி'ன்னு வச்சுக்கலாமே?

ஐயா, மலர்ச்சின்னா ஏதோ நல்லது நடந்த மாதிரி இருக்கு, இங்க நடக்கறதோ படம் கெட்டுப்போறது. கலர் பென்சில்ல நிறமியைப் பிடிச்சு வச்சிருக்கறது மெழுகு, இல்லேன்னா எண்ணெய். பிரிஸ்மாகலர் பிரீமியர் மாதிரி மெழுகு பென்சில்ல கறுப்போ கருநீலமோ அடுக்கடுக்கா அழுத்திப் போட்டீங்கன்னா கொஞ்ச நாள்ல மெழுகு மேல கிளம்பி வந்து மங்கலா வெள்ளை படியும். அரூப ஓவியம் போடறவங்களுக்குத்தான் இது பெரிய தலைவலி, ஏன்னா முகம் மரம்னு கண்ணை இழுக்க அங்க ஒண்ணும் கிடையாது, ஒரு கறுப்பு வட்டம், அதை உரசிக்கிட்டு ஒரு சிவப்புப் பட்டை, அவ்ளோதான் படமே, அந்தக் கறுப்பு சாம்பலாயிட்டா அப்புறம் என்ன இருக்கு.

செவுத்துல உப்பு பூத்திருக்குன்னு சொல்றோம், நீறு பூத்த நெருப்புன்னு சொல்றோம். புதுசா எதுக்குத் தேடணும்? 'மெழுகு பூத்தல்', என் ஓட்டு இதுக்குத்தான்.

> சுருக்கமா 'மெழுகுப் பூப்பு'?

வேணாங்க, மண்டபம் புக் பண்ணி பத்திரிகை அடிச்சிடுவாங்க :-)

> 'மெழுகுப் படலம்' பொதுவா இருக்கே.

அதான் பிரச்சனையே. படத்தைக் காப்பாத்த மேல அடிக்கற ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயும் காஞ்சா படலம்தான். 'படலம் வராம இருக்க படலம் போடவும்'னு ஒரு தடவை எழுதிப் பாருங்க. பூத்தல்னா வாக்கியம் தானா வந்து விழுது: "மெழுகு பூத்திருந்தா மெத்துனு ஒரு துணியால லேசா துடைச்சிட்டு ஃபிக்ஸேட்டிவை மெல்லிசா அடிங்க." பாலிக்குரோமோஸ் மாதிரி எண்ணெய் பென்சில்ல இந்தத் தொல்லை குறைவு, அதை 'அதிகம் பூக்காத பென்சில்'னு சொல்லிட்டுப் போயிடலாம்.

பர்னிஷிங்குக்கு 'மெருகிடல்'னு போன மடல்ல வந்தது, அதுல எனக்கு அரை மனசுதான். வெள்ளைப் பென்சிலாலயோ நிறமில்லாத பிளெண்டர் பென்சிலாலயோ அழுத்தித் தேய்ச்சு பேப்பரோட சொரசொரப்பை நசுக்கறதுதான் அங்க வேலை, பளபளப்பு கூடவே வர்றது. மெருகுன்னு சொன்னா கடைசியா மேல பூசற வார்னிஷ்னு நினைச்சுக்குவாங்க. போதாததுக்கு இப்படித் தேய்க்கற இடத்துல மெழுகு இன்னும் ஏறுறதால பூக்கறதும் ஜாஸ்தி. 'அழுத்தித் தேய்த்தல்' நீளம்தான், 'அழுத்துத்தேய்ப்பு'ன்னா நாக்கு சுளுக்குது, யாராவது வேற சொல்லுங்களேன்.