641-ஆல் வகுத்த ராத்திரி

மனதுக்கு நெருக்கமான எண் எது என்று கேட்டால் எல்லாரும் 1729, 6174 என்று எழுதுகிறீர்கள். எனக்கு நெருக்கமானது 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

கல்லூரி முதல் வருஷம். கணக்கு வாத்தியார் பலகையில் 3, 5, 17, 257, 65537 என்று எழுதினார். எதை எடுத்தாலும் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வந்துவிடும். ஐந்துமே பகா எண்கள். மேலே போனாலும் அப்படித்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை நம்பினார். ஆறாவதாக வருவதுதான் என் எண். அது 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் கணித மேதை ஆய்லர் காட்டிவிட்டார். "நான் சொல்றதுக்காக நம்பாதீங்க, வகுத்துப் பாருங்க" என்றார் வாத்தியார்.

அன்று ராத்திரி உட்கார்ந்தேன். 4294-இல் 6 தடவை போக மீதி 448. அடுத்த 9-ஐ இறக்கினால் 4489. 7 தடவை போக மீதி 2. அப்புறம் ஈவில் இரண்டு பூஜ்ஜியம், ஒரு 4, ஒரு 1. இப்போது மீதியைப் பார்த்தால் மறுபடியும் அதே 448! எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று மேலிருந்து சரிபார்த்தேன். தப்பில்லை. கடைசி 7-ஐ இறக்கினேன். 4487. முன்பு 2 மிஞ்சிய இடத்தில் இப்போது ஒன்றுமே மிஞ்சவில்லை. ஈவு 6700417. அதுவும் பகா எண்தான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

4294967297-இன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்பதையும் ஆய்லரே நிரூபித்தார். அப்படி வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்! இது தெரிந்த பிறகு அவர்மேல் மரியாதை இன்னும் கூடியது. அந்த முதல் ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

*

அண்ணா, உங்கள் 448 புல்லரிக்க வைத்தது. நான் இதே எண்ணை வகுக்காமலே பிடித்தேன், பஸ்ஸில் நின்றுகொண்டு. வழி ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் படித்தது.

641-க்கு இரண்டு முகம் உண்டு. 640-உடன் 1 சேர்ந்தது, 625-உடன் 16 சேர்ந்தது. 640 என்பது 5 × 128. 625 என்பது 5-இன் நாலாம் அடுக்கு, 16 என்பது 2-இன் நாலாம் அடுக்கு.

640-இன் நாலாம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 641-ஆல் வகுபடும். இது பள்ளிக்கூடத்து இயற்கணிதம்தான். அதைத் தனியே வையுங்கள். இனி, 625 + 16 இரண்டையும் 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்குங்கள். 641-ஐத்தான் பெருக்குகிறோம், எனவே இதுவும் வகுபடும். முதல் பகுதி சரியாக 640-இன் நாலாம் அடுக்கு, மற்றது 2-இன் 32-ஆம் அடுக்கு. இதிலிருந்து தனியே வைத்ததைக் கழியுங்கள். பெரியது முழுக்க அடிபட்டுப் போய், 2-இன் 32-ஆம் அடுக்கும் ஒரு 1-உம் மட்டும் நிற்கும். அதுதானே உங்கள் 4294967297!

இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.