புளூபெர்ரி கொழுந்து மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை: என்ன குறை?

கேள்வி (துளிர்):
வணக்கம். தொட்டியில் இரண்டு புளூபெர்ரி வைத்திருக்கிறேன். கலவை பீட் பாசியும் பைன் பட்டைத் துண்டும். புதிதாக வரும் கொழுந்தெல்லாம் வெளிறிப்போய், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகின்றன. அடி இலைகளுக்கு ஒன்றுமில்லை. இரும்புச் சத்துக் கரைசல் தெளித்தால் கொஞ்சம் தேறுகிறது, அடுத்த துளிர் மறுபடி மஞ்சள். தழைச்சத்துக் குறையா?

பதில் (வேர்மண்):
தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்தில் தொடங்கினால் இரும்பு. ஆனால் கலவையில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. பிஎச் (அமில-கார அளவு, எண் ஏற ஏற அமிலம் குறையும்) ஏறிவிட்டால் இருக்கிற இரும்பையும் வேரால் எடுக்க முடியாது. இந்தச் செடிக்கு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா?

துளிர்:
ஆமாம், படிகிறது! கிணற்றுத் தண்ணீர்தான். இப்போது அடியில் வடிந்ததைச் சோதித்தேன், 7.2 காட்டுகிறது.

வேர்மண்:
அப்போ காரணம் தண்ணீர்தான். கடின நீரில் உள்ள பைகார்பனேட், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கலவையின் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எவ்வளவு நல்ல கலவையும் இதற்குத் தாங்காது. மழைநீர் பிடிக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. முடியாவிட்டால் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, பிஎச் 5 அல்லது 5.5 வந்ததும் நிறுத்தி ஊற்றுங்கள். கண்ணளவில் போடாதீர்கள், ஒவ்வொரு தண்ணீருக்கும் அளவு மாறும்.

கந்தகத் தூளும் போடலாம், ஆனால் அதை அமிலமாக்குவது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். மாதக்கணக்கில் ஆகும், மண் குளிர்ந்திருந்தால் இன்னும் மெதுவாக நடக்கும். அலுமினியம் சல்பேட் வேகமாக வேலை செய்யும். ஆனால் அலுமினியம் சேரச் சேர வேருக்குக் கெடுதல், நான் தொடவே மாட்டேன். உரத்துக்கு அம்மோனியம் சல்பேட், அதுவும் கொஞ்சமாக. நைட்ரேட் உரம், சாம்பல், முட்டை ஓடு எதுவும் வேண்டாம்.

பதில் (மூடாக்கு):
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். புளூபெர்ரி வேரில் வேர்த்தூவிகள் (நீரை உறிஞ்சும் நுண்ணிய மயிர்கள்) கிடையாது. மெல்லிய நூல் மாதிரி மேல்மண்ணிலேயே பரவும், அதனால் மேலே காய்ந்தால் உடனே வாடும். பைன் ஊசியிலையோ பட்டையோ மூன்று விரல் உயரத்துக்கு மூடாக்கு போடுங்கள், மேல்மண்ணைக் கொத்தாதீர்கள். செடி தேறும் வரை பூவையும் கிள்ளிவிடுங்கள், மனசு வராதுதான்.

துளிர்:
காபிச் சக்கை போட்டால் அமிலம் ஏறும் என்கிறார்களே?

வேர்மண்:
அமிலத்தில் பெரும்பகுதி காபியோடே இறங்கிவிடும், சக்கையில் அவ்வளவாக மிஞ்சாது. அதை நம்பாதீர்கள்.

துளிர்:
சரி. மஞ்சளான இலைகள் திரும்பப் பச்சையாகுமா?

வேர்மண்:
முழுசாக ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த துளிரைப் பாருங்கள், அது பச்சையாக வந்தால் சரியாகிவிட்டது. அதுவரை வடியும் தண்ணீரின் பிஎச்சை அடிக்கடி பார்த்து இங்கே எழுதுங்கள்.