புதுப்பிப்பு: ‘ஐஸ்’ பழக்கத்துக்குச் சிகிச்சை, எங்களுக்குப் பயன்பட்ட வழி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுடன் வசிக்கும் அக்காவின் 17 வயது மகன் ‘ஐஸ்’ (மெத்தம்பெட்டமைன்) போதைப்பொருளுக்கு அடிமையாகியிருந்ததால், அவனுக்கு எங்கே சிகிச்சை பெறலாம் என்று முன்னர் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இலங்கையின் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தை அழைக்கும்படி ஒருவர் கூறிய ஆலோசனையே பலனளித்தது. (மந்திரித்த நூல் கட்டும்படி சொன்னவரின் யோசனையையும் அக்கா விட்டுவைக்கவில்லை என்பது வேறு கதை.) ஆலோசகர் முதலில் அவனுடன் தனியாகப் பேசினார், அவன் சம்மதித்த பின்னரே நிலையத்தில் தங்கிப் பெறும் விடுதிச் சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று.

‘ஐஸை’ நிறுத்தியதும் நாங்கள் எதிர்பாராதது அவனுடைய உறக்கம். உடல்வலியில் துடிப்பான் என்று அஞ்சியிருந்த எங்களுக்கு, அவன் சாப்பிட மட்டும் எழுந்து மறுபடியும் படுத்துக்கொண்டது புதிராக இருந்தது. ஹெரோயினை நிறுத்துவோருக்கு வலியும் வாந்தியும் முன்னிற்கும் என்றும், ‘ஐஸை’ நிறுத்தினால் பெரும்பாலும் கடும் உறக்கமும் பசியும் மனச்சோர்வுமே வரும் என்றும், ஹெரோயினுக்கு மெதடோன் இருப்பதுபோல இதற்கு மாற்று மருந்து இல்லாததால் உளவளத்துணையும் நடத்தைச் சிகிச்சையுமே பிரதானம் என்றும் சிகிச்சை நிலையத்தில் விளக்கினார்கள்.

அவன் விட்டுச்சென்ற கைபேசிக்கு விற்பவனின் வட்ஸ்அப் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. ஆகவே சிம் அட்டையை மாற்றிவிட்டோம். சென்ற சந்திப்பில், அக்கா கொண்டுபோன இடியப்பத்தை அறைத்தோழனுடன் பங்கிட்டு உண்டான். சிகிச்சை தொடர்கிறது, உயர்தரப் பரீட்சையைத் தள்ளிவைத்துள்ளோம். மனச்சோர்வு மிகுந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் அழைக்கலாம்.