மழைநீர் வடிகால் போதுமா, தண்ணீர் தங்க இடம் வேண்டுமா? சென்னை வெள்ளம் பற்றி ஒரு சண்டை

வேளச்சேரி வாசி:
மழை எச்சரிக்கை வந்தால் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிற ஏரியா எங்களுடையது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கோடி கோடியாகக் கொட்டி வடிகால் கட்டியும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வீட்டுக்குள் தண்ணீர். கடலோர ஊரை வடிகால் மட்டும் காப்பாற்றாது. பள்ளிக்கரணையில் மிச்சமிருக்கும் சதுப்பு நிலத்தையாவது விட்டுவையுங்கள்.

சைட் இன்ஜினியர்:
கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது சார். தி.நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான், அங்கே இருப்பவர்களைக் கிளப்பிவிட்டு மறுபடி ஏரி வெட்டுவீர்களா? வடிகால் ஒழுங்காக இருந்தால் பலன் உண்டு. நம் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டு வாசல்படியைப் பள்ளமாக்குவார்கள், தண்ணீர் இறங்கும் ஓட்டையில் பால் கவரும் ஜல்லியும் அடைத்திருக்கும், உள்ளே எவனோ குறுக்கே கேபிள் குழாய் விட்டிருப்பான். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வேளச்சேரி வாசி:
சரி, அந்த வடிகால் எங்கே போய் முடிகிறது? எங்கள் பக்கத்து ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்கிற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, அப்புறம் முட்டுக்காடு வரை ஊர்ந்துபோய்த்தான் கடலைப் பார்க்கும். ஊரோ தட்டை, சரிவே கிடையாது. புயல் நேரத்தில் கடல் ஏறி நின்றால் ஆற்றுத் தண்ணீரை வாங்காது, மிக்ஜாமில் நடந்தது அதுதான். கடல் வாங்குகிற வரைக்கும் தண்ணீர் சதுப்பில் காத்திருக்கலாம், இல்லையென்றால் என் வீட்டு ஹாலில். 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், சந்தோஷம். பெருங்குடி குப்பைமேட்டுக்கு அடியில் போன சதுப்பு?

காசிமேடு பொண்ணு:
இரண்டு பேரும் கூவத்தைத் தாண்டி வடக்கே வரவே மாட்டீர்களா? துறைமுகம் கட்டியதும் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தடைபட்டு மெரினா அகலமானது, எங்கள் பக்கம் கரை அரித்துக் கல் கொட்டினார்கள். கூவமும் அடையாறும் கடலில் சேரும் வாயில் மணல் திட்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல். அதே 2023 வெள்ளத்தில் எண்ணெயும் சேர்ந்து வந்து படகு, வலை எல்லாம் பிசுபிசுத்துப்போனது. வாயை அடைத்துவிட்டு வயிற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

சைட் இன்ஜினியர்:
முகத்துவாரம் தூர்வாருவதில் எனக்குச் சண்டை இல்லை அக்கா. ஏரி இருந்தால் ஊர் தப்பும் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். 2015-லும் செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி இருந்தது. டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்தார்கள், மனிதர்களால் வந்த பேரழிவு என்று தணிக்கை அறிக்கையே சொன்னது. முன்கூட்டியே திறக்க எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்? மழை பொய்த்தால் 2019 மாதிரி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வரவேண்டும்.

வேளச்சேரி வாசி:
குடிநீர் ஏரியையும் சதுப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். செம்பரம்பாக்கத்துக்கு மதகு, அதிகாரி, கோடைக்கு இருப்புக் கணக்கு எல்லாம் உண்டு. சதுப்பில் யாரும் மேலதிகாரியைக் கேட்டுத் திறக்க வேண்டியதில்லை. மழையில் நிரம்பும், கோடையில் வற்றும், அடுத்த மழைக்குக் காலியாக இருக்கும்.

சைட் இன்ஜினியர்:
அந்தச் சதுப்புக்குள் எத்தனை பட்டா, எத்தனை ப்ளான் அப்ரூவல் இருக்கிறது தெரியுமா? உங்கள் அபார்ட்மென்ட் என்ன சர்வே எண்?

வேளச்சேரி வாசி:
பத்திரத்தில் புஞ்சை என்றுதான் இருக்கிறது. அளக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து ஆரம்பித்து எங்கள் தெருவுக்கு வரட்டும்.