செவ்வகப் படத்தில் பெருக்கும் மாணவர்களின் புரிதலை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியை):
ஈரிலக்கப் பெருக்கலைச் செவ்வகப் படத்தின் வழியாகக் கற்பித்து முடித்திருக்கிறேன். 27 × 34 என்று கொடுத்தால், ஒரு பக்கத்தை 20, 7 என்றும் மறுபக்கத்தை 30, 4 என்றும் பிரித்து, நான்கு பகுதிகளிலும் 600, 80, 210, 28 என்று நிரப்பி, 918 என்ற விடையைப் பெரும்பாலோர் எழுதிவிடுகின்றனர். ஆனால் 210 எதைக் குறிக்கிறது என்று கேட்டால், "ஏழையும் முப்பதையும் பெருக்கினேன்" என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. இது புரிதலா, வெறும் மனப்பாடமா என்பதை அறிய எத்தகைய வினாக்களைக் கேட்கலாம்?

மறுமொழி 1:
பிரித்த படத்தைக் கொடுக்காமல் வெறும் செவ்வகத்தைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு பகுதிகளையும் ஒரே அளவில் வரையும் பிள்ளைக்கு அது பரப்பளவாகத் தெரியவில்லை, எண்களை நிரப்பும் அட்டவணையாகவே தெரிகிறது என்று கொள்ளலாம்.

மறுமொழி 2:
படத்தின் அளவை வைத்து மட்டும் முடிவு செய்வது சரியாகாது என்பது என் கருத்து. நன்றாகப் புரிந்த பிள்ளையும் அவசரத்தில் அப்படி வரையக்கூடும். அதைவிட, 27 × 34 = 918 என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மறுபடி பெருக்காமல் 28 × 34 எவ்வளவு என்று கேளுங்கள். 27 வரிசைகள், வரிசைக்கு 34 சதுரங்கள் என்று செவ்வகத்தை மனத்தில் காணும் பிள்ளை, ஒரு வரிசை கூடுவதால் 34ஐச் சேர்த்து 952 என்று சொல்லிவிடும். காணாத பிள்ளை 1ஐயோ 27ஐயோ சேர்க்கும். அடுத்து 27 × 35 கேட்டால், இம்முறை ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சதுரம் கூடுவதால் 27ஐச் சேர்க்க வேண்டும் என்பது தெரிகிறதா என்றும் பார்த்துவிடலாம். தடுமாறுவோருக்குக் கட்டம் போட்ட தாளில் 12 × 13 போன்ற சிறிய செவ்வகத்தை வரையவைத்து, சதுரங்களை எண்ணச் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
இருபதையும் முப்பதையும், ஏழையும் நான்கையும் மட்டும் பெருக்கி 628 என்று எழுதுவது பரவலாகக் காணப்படும் தவறு. அந்த விடையை நீங்களே எழுதிக் காட்டி, செவ்வகத்தில் எந்தப் பகுதிகள் விடுபட்டன என்று நிழலிடச் சொல்லலாம். வழக்கமான முறையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கும்போது வரும் 108, 810 ஆகிய இரண்டும் படத்தில் எங்கே இருக்கின்றன என்றும் கேட்டுப் பாருங்கள். 80ஐயும் 28ஐயும் தொட்டு 108 என்றும், 600ஐயும் 210ஐயும் தொட்டு 810 என்றும் காட்டும் பிள்ளைக்கு இரண்டு முறைகளும் ஒன்றே என்பது விளங்கிவிட்டது. இதை எழுத்துத் தேர்வாக வைக்காமல், ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து வாய்மொழியாகவே கேளுங்கள்.