பாட்டாவின் துப்பாக்கி
(குடும்பக் குழு, ஞாயிறு இரவு)

பெரியப்பா: பாட்டாவின் (தாத்தாவின்) அடியந்திரம், அதாவது கருமாதி, முடிந்துவிட்டது. அவர் பெயரில் உரிமம் இருந்த துப்பாக்கி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்ற மனு கொடுக்கப் போகிறேன். ஒரே இரவில் நாற்பது மூடு மரச்சீனியை (மரவள்ளியை)ப் பன்றிகள் கிளறிப் போட்டதை எல்லோரும் பார்த்தீர்கள்.

ஷீபா: மனு பிறகு இருக்கட்டும், பெரியப்பா. உரிமம் பெற்றவர் காலமான பிறகு அதை வீட்டில் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடம் தராது. நாளையே காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

பெரியப்பா: ஒப்படைக்கிறேன், ஷீபா மக்களே. ஆனால், பயிரைக் காக்க, குழல் வாயில் வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று அதே சட்டம்தானே சொல்கிறது?

ஷீபா: அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான், பன்றியைச் சுட அல்ல. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றுதான் சொன்னது. 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. நம் தோட்டமோ காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

மாமா (பாறசாலை, கேரளம்): கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர் உத்தரவிட்டால், உரிமம் உள்ளவர்கள் சுடுகிறார்கள். தமிழ்நாட்டு விவசாயியின் நஷ்டம் மட்டும் நஷ்டம் இல்லையா?

அத்தை: நஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் என் வீட்டுக்காரர் நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போவது அதிகாலை மூன்று மணிக்கு. ரப்பர் மூட்டில் குனிந்து நிற்கும் மனிதனையும் பன்றியையும் அந்த இருட்டில், புதர் அசைவதை மட்டும் பார்த்துக் குறி வைக்கிறவர் எப்படிப் பிரித்தறிவார்? அவர் வீடு திரும்பும்வரை நான் அடுப்பு மூட்டுவதில்லை.

பெரியப்பா: 2020 ஜனவரி 8 அன்று கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளரைச் சுட்டுக் கொன்றவர்கள் உரிமம் கேட்டு வரிசையில் நின்றவர்கள் இல்லை. முறைப்படி கேட்கிறவனிடம் மட்டும் இத்தனை கேள்விகள் ஏன்?

ஷீபா: அந்தக் கொலை எனக்கும் இன்னும் ஆறவில்லை. கள்ளத் துப்பாக்கிகளைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்ய வேண்டும், அதில் சமரசமே கூடாது. ஆனால் நம் வீட்டு அலமாரியின் சாவி ஆணியில் தொங்குகிறது, விடுமுறைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். எனக்கு அதுதான் பயம்.

பெரியப்பா: சாவியை இப்போதே எடுத்து என்னிடம் வைத்துக்கொள்கிறேன். காலையில் துப்பாக்கியோடு வெடிமருந்துப் பெட்டியையும் சேர்த்து ஒப்படைக்கிறேன். மனுவை நான் இன்னும் கைவிடவில்லை. அதற்கு முன் மரச்சீனிக்கு இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு ஒரு மனு எழுதித் தா, மக்களே. பாட்டாவின் உரிமப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?